புகையில் செய்த தீக்குச்சி

மலேசியாவில், கிள்ளானில் பெட்டி கட்டும்போதே கட்டுரைக்குத் தலைப்பு எழுதி முடித்துவிட்டேன். ‘காற்றைக் கறந்து எரிபொருள்.’ பத்திரிகை மேசையில் ஆயுளைக் கழித்தவனுக்கு வரும் கோளாறு இது. செய்தி நடப்பதற்கு முன்பே தலைப்பு வந்துவிடும். பிறகு செய்தியை அதற்கு ஏற்றபடி வெட்டிக்கொள்ளலாம் என்று ஒரு நம்பிக்கை.

என்னை அனுப்பியவர் வாரப் பதிப்பின் ஆசிரியர். நான் ஓய்வு பெற்ற பிறகு அந்த நாற்காலிக்கு வந்தவர். எங்கள் ஊரில் சில ஆண்டுகளில் புகைமூட்டம் வரும். எதிர்வீடு மங்கும், பள்ளிக்கூடத்தை மூடுவார்கள், எல்லோரும் முகக்கவசத்தோடு தே தாரிக் என்கிற நுரை டீ குடிக்கப் போவார்கள். “கோவில்பட்டி பக்கம் ஓர் அம்மா புகையைப் பிடித்து உருப்படியாக ஏதோ செய்கிறாராம். போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள்” என்றார். பள்ளியில் வேதியியல் ஆசிரியர் என்னைப் பார்த்தாலே பெருமூச்சு விடுவார் என்பதை நான் அவரிடம் சொல்லவில்லை.

கோவில்பட்டியில் இறங்கியதும் முதலில் வந்து வரவேற்றது காற்று. ஆனி மாதம். என் தொப்பியைக் கழற்றி, பேருந்து நிலையத்தைத் தாண்டி, ஒரு பழக்கடைத் தார்ப்பாயின் மேல் வைத்தது. எடுத்துக் கொடுத்தவர்தான் எனக்காக ஏற்பாடு செய்திருந்த கார் ஓட்டுநர் மாரிச்சாமி.

“சார், கதவைத் தொறக்கும்போது கையில பிடிச்சுக்கிடுங்க. விட்டா காத்து கொண்டுட்டுப் போயிரும்” என்றார். பேச்சுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். வண்டியின் பின் கதவு ஒரு பக்கம் வேறு நிறத்தில் இருந்ததை அப்போதுதான் கவனித்தேன்.

எங்கே போகிறோம் என்று அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருந்தது. “எஸ்தர் மேடம் கம்பெனிதானே. புகையை மெழுகாக்குதாவ. குடிக்கத் தண்ணிக்குக் குடத்தைத் தூக்கிக்கிட்டு அலையுத ஊர்ல, தண்ணியைப் பிச்சு எடுத்து அதுல ஊத்துதாவன்னு கூட பேச்சு இருக்கு.”

“மெழுகா? எரிபொருள் இல்லையா?”

“எண்ணெயும் கொஞ்சம் வரும்னாவ. நான் பாத்தது மெழுகுதான். வெள்ளையா, நல்லா இருந்துச்சு.”

என் தலைப்பு ஊருக்குள் நுழைவதற்கு முன்பே பாதி செத்துவிட்டது.

எஸ்தரின் கூடம் ஊருக்கு வெளியே, துணி வெளுக்கும் ஆலை ஒன்றின் பின்புறக் கொட்டகையில் இருந்தது. புதியம்புத்தூர் தையல் கூடங்களுக்குப் போகும் துணியை இங்கே வெளுக்கிறார்கள். அதற்கு நீராவி வேண்டும். நீராவிக்குக் கொதிகலன். கொதிகலனுக்குச் சீமைக்கருவேல விறகு. இந்தக் கரிசல் காட்டில் வேறு எது விளைந்தாலும் விளையாவிட்டாலும் அது விளைகிறது. கொதிகலனின் புகைபோக்கியில் பாதி உயரத்தில் ஒரு குழாயைச் செருகி, புகையில் ஒரு பங்கைக் கொட்டகைக்குள் இழுத்திருந்தார்கள்.

எஸ்தருக்கு நாற்பதை ஒட்டிய வயது. தலைக்கவசத்தின் மேல் துப்பட்டாவை இறுக்கிக் கட்டியிருந்தார். சென்னையில் பெரிய நிறுவனம் ஒன்றில் வேதிப் பொறியாளராக இருந்துவிட்டு, இந்த ஒரு உலைக்காக வேலையை விட்டு வந்தவர். கை குலுக்க நீட்டினேன். கையில் மெழுகு என்று சொல்லி முழங்கையை நீட்டினார். நான் முழங்கையைக் குலுக்கினேன்.

“கரியமில வாயு எங்கே இருக்கிறது?” என்று கேட்டேன்.

“இந்தக் குழாய்க்குள்ளதான் சார்.”

“பார்க்கலாமா?”

“அதுக்கு நிறமும் கெடையாது, மணமும் கெடையாது.”

ஆகவே குழாயைப் படம் எடுத்தேன். பல கோணங்களில் எடுத்தேன். பிறகு பார்த்தபோது அவற்றில் ஒன்று கழிவறைக்குப் போகும் குழாய்.

எஸ்தர் பொறுமையாகச் சொன்னதை எனக்குப் புரிந்த அளவில் எழுதுகிறேன். உயரமான ஒரு கோபுரத்துக்குள் புகையை அடியிலிருந்து விடுகிறார்கள். மேலிருந்து ஒரு திரவம் மழைபோல் இறங்குகிறது. கரியமில வாயுவை மட்டும் அது பிடித்துக்கொள்ளும், மற்றதை விட்டுவிடும். அந்தத் திரவத்தைச் சூடாக்கினால் பிடித்ததைக் கக்கிவிடும். இன்னொரு பக்கம் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து ஹைட்ரஜன் எடுக்கிறார்கள். மின்சாரம் ஆலை முதலாளிக்குக் கயத்தாறு பக்கம் இருக்கும் காற்றாலையிலிருந்து. இரண்டு வாயுவையும் சேர்த்து, அழுத்தி, இரும்புத்தூள் கலந்த குருணை நிறைந்த உலைக்குள் அனுப்புகிறார்கள். அங்கே கரி ஒன்றோடொன்று கைகோத்து நீள்கிறது. குறைவாகக் கோத்தால் எண்ணெய். அதை ஆலையின் ஜெனரேட்டரில் டீசலோடு கலந்து ஊற்றுகிறார்கள். நிறையக் கோத்தால் மெழுகு. அடியில் ஒரு குழாயைத் திறந்தார். தண்ணீர் மாதிரி தட்டில் ஓடியது, பார்த்துக்கொண்டிருக்கும்போதே மார்கழித் தேங்காய் எண்ணெய்போல வெளுத்து உறைந்தது.

தண்ணீர்ப் பேச்சை எடுத்தேன். “கேட்டுட்டீங்களா. மாரிச்சாமி சொல்லியிருப்பாரு” என்று சிரித்தார். “நீராவி குளுந்து சொட்டுத தண்ணியைத்தான் எடுக்கோம். முன்னால அது ஓடைக்குப் போச்சு. அதையும் போய் அவர்கிட்டச் சொல்லுங்க. நான் சொல்லிக் கேக்க மாட்டாரு.”

“சரி, இந்த மெழுகை எரித்தால் மறுபடியும் புகைதானே?” இந்தக் கேள்வியை விமானத்திலேயே யோசித்து வைத்திருந்தேன். மடக்கிவிட்டேன் என்று நினைத்தேன்.

“ஆமா சார்” என்றார், ஏதோ நேரம் கேட்டதுபோல. “கருவேல மரம் காத்துல இருந்து எடுத்துச்சு. எரிஞ்சு புகையாச்சு. நாங்க பிடிச்சு மெழுகாக்குதோம். திரும்பவும் எரிஞ்சா திரும்பவும் காத்துக்குத்தான் போகும். ஆனா இவ்வளவு மெழுகுக்குப் பூமிக்கு அடியில இருந்து எண்ணெய் தோண்ட வேண்டாம்லா. அவ்வளவுதான். உலகத்தைக் காப்பாத்துதோம்னு மட்டும் எழுதிராதீங்க.”

அதை ஏற்கெனவே கைப்பேசியில் தட்டி வைத்திருந்தேன். படம் எடுப்பதுபோல் திரும்பி நின்று அழித்தேன்.

மெழுகு எதற்கு என்பதைக் கோவில்பட்டியில் கேட்கவே தேவையில்லை. தீக்குச்சிக்கு. குச்சியின் தலைப்பக்கத்தை முதலில் மெழுகில் முக்கி, பிறகுதான் மருந்தில் முக்குகிறார்கள். மருந்தில் பற்றிய தீயைக் குச்சிக்குக் கொண்டுபோவது மெழுகு.

ஆனால் எஸ்தருக்கு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. ஆலை முதலாளி கொட்டகையைத் திருப்பிக் கேட்டிருந்தார். அங்கே புதிய உலர்த்தும் எந்திரம் போட வேண்டும். “நல்ல மனுசன்தான். வாய் நெறைய பேசவே மாட்டாரு. இந்த மெழுகை வாங்குதேன்னு ஒரே ஒரு ஆளைச் சொல்ல வை, இருந்துக்கோன்னாரு. இல்லன்னா காலி பண்ணணும்.”

“வேறு இடத்துக்குக் கொண்டுபோக முடியாதா?”

உலையைத் தட்டிக் காட்டினார். “இங்கனயே அளவெடுத்து, இங்கனயே வெல்டிங் வச்சது. அறுத்துத்தான் வெளிய எடுக்கணும். அறுத்துட்டா பழைய இரும்புதான்.”

அந்த ஒரே ஆளாக வரக்கூடியவர் சீனிராஜ் அண்ணாச்சி. தீப்பெட்டி ஆபீஸ் வைத்திருப்பவர். இந்த ஊரில் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்கிறார்கள். எஸ்தரின் மெழுகில் அவர் ஏற்கெனவே கொஞ்சம் குச்சி போட்டுப் பார்த்திருந்தார். மறுநாள் அதற்குப் பரீட்சை.

அன்று இரவு பரோட்டாவும் சால்னாவும். எங்கள் ரொட்டி சானாய்க்கு இது அண்ணன் என்று சொல்லி, கடைக்காரர் மகிழ்ந்துபோவார் என்று எதிர்பார்த்தேன். “அப்படி ஒரு ரொட்டி இருக்கா” என்றார், அவ்வளவுதான். இன்னும் இரண்டு வைத்தார்.

மறுநாள் காலை அண்ணாச்சியின் ஆபீஸ். எழுபது வயது, சட்டைப்பை நிறையத் தீப்பெட்டி. பக்கத்தில் போனாலே கலகலவென்று சத்தம் கேட்கும். புகைப்பதில்லை. யார் கேட்டாலும் எடுத்து நீட்டுவதற்காக வைத்திருக்கிறார். என் கையிலும் ஒன்றை வைத்தார். லேபிள் இல்லாத மொட்டைப் பெட்டி.

“லேபிள் இல்லையே?”

“ஓசிக்குக் குடுக்கதுக்கு எதுக்கு லேபிள்?”

பரீட்சை என்றால் ஆய்வகம், அளவுகோல், நிறுத்தக் கடிகாரம் என்று நினைத்திருந்தேன். அண்ணாச்சியின் ஆய்வகம் கயத்தாறு. நெடுஞ்சாலை ஓரத்தில் லாரிகள் நிற்கும் டீக்கடை. காற்று மாதத்தில் அங்கே நின்று பீடி பற்றவைப்பது வித்தை. “லாரிக்காரன் கையில அணையாத குச்சி எங்கனயும் அணையாது. சும்மா குடுத்துட்டு வந்துரணும். எதுவும் சொல்லக்கூடாது. சொன்னா மருவாதைக்கு நல்லா இருக்குன்னுருவான். மறுநா போய்க் கேட்டா உள்ளதைச் சொல்லுவான்.” புதுச் சரக்கு போட்டால் வழக்கமாக அப்படித்தானாம்.

எஸ்தரின் மெழுகில் முக்கிய குச்சிகள் ஒரு மஞ்சள் பையில் இருந்தன. அவையும் மொட்டைப் பெட்டிகள்தான். அண்ணாச்சியின் லேபிளைப் பார்த்தால் ஓட்டுநர்கள் குறை சொல்லத் தயங்குவார்களே. வழியில் கடைகளுக்குச் சும்மா கொடுக்க அவருடைய வழக்கமான பெட்டிகள் ஓர் உரச்சாக்கில். இரண்டும் காரின் பின்பக்கம் ஏறின. முன்னால் அண்ணாச்சி, பின்னால் நானும் எஸ்தரும். ‘புகையில் பூத்த தீ’ என்று புதுத் தலைப்பு போட்டேன். கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

கடம்பூர் வழியாகப் போகலாம் என்றார் அண்ணாச்சி. நேர் வழி அதுவல்ல. போளி வாங்குவதற்காக. சூடான தோசைக்கல்லிலிருந்து எடுத்த போளி, கடலைப்பருப்புப் பூரணம். எங்கள் ஊரில் பருப்பை வைத்து வடை செய்வோம், அதோடு கற்பனை முடிந்துவிடும். எத்தனை தின்றேன் என்று எண்ணவில்லை. எண்ணியவர்கள் மூன்று பேர் வண்டியில் இருந்தார்கள்.

“மலேசியாவுல சோறு கிடைக்கும்லா?” என்றார் அண்ணாச்சி எஸ்தரிடம், மெதுவாக. மெதுவாக என்றால் எனக்குக் கேட்கும்படி.

அதற்குப் பிறகு நடந்ததற்கு முழுப் பொறுப்பும் என்னுடையது. கடம்பூரைத் தாண்டியதும் தூரத்தில் காற்றாலைகள் வரிசையாக நின்றன. ஒரு காற்றாலையின் அடியில் நின்று படம் எடுக்க வேண்டும் என்றேன். புகைக்குப் படம் இல்லை, காற்றுக்கும் படம் இல்லை, காற்றாலைக்காவது இருக்கட்டும். மாரிச்சாமி வானத்தைப் பார்த்தார். “வேண்டாம் சார். தூத்தல் போடும் போல இருக்கு. இது கரிசல் ரோடு.” இரண்டு சொட்டுக்கு என்ன ஆகிவிடும் என்றேன். வருடம் முழுவதும் மழை பெய்யும் ஊரிலிருந்து வந்தவன் அல்லவா.

இரண்டு சொட்டுதான் பெய்தது. அது போதுமாக இருந்தது. வண்டி கொஞ்ச தூரம் நடனமாடியது, பிறகு நின்றது. சக்கரங்கள் கறுப்பு உருண்டைகளாகியிருந்தன. இறங்கினேன். ஓர் அடி வைத்ததும் காலணி இரண்டு மடங்கானது, அடுத்த அடியில் அதற்கும் மேல். பயணத்துக்கென்று வாங்கிய வெள்ளைக் காலணி அது. மூன்றாவது அடியில் என் கால் மட்டும் முன்னால் வந்தது, காலணி வரவில்லை.

எஸ்தர் செருப்பைக் கழற்றிக் காருக்குள் போட்டுவிட்டுத்தான் இறங்கினார். அண்ணாச்சியும் அப்படியே. மூவருமாக வண்டியைத் தள்ளினோம். சரியாகச் சொன்னால், இருவர் தள்ளினார்கள், நான் சாய்ந்திருந்தேன்.

“சாக்கு ஏதாவது இருந்தா சக்கரத்துக்கு அடியில போடலாம்” என்று மாரிச்சாமி கத்தினார்.

இந்த ஒரு தடவையாவது உதவியாக இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. பின்பக்கம் ஓடினேன். உரச்சாக்கு கண்ணில் பட்டது. மஞ்சள் பையில் இடம் இருந்தது. சாக்கிலிருந்த பெட்டிகளை மஞ்சள் பையில் கவிழ்த்துவிட்டு, வெறும் சாக்கை உயர்த்திக் காட்டினேன். சாக்கு சக்கரத்தின் கீழ் போனது. வண்டி உறுமி வெளியே வந்தது. நான் கைதட்டினேன்.

எஸ்தர் கைதட்டவில்லை. மஞ்சள் பையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சார், சாக்குல இருந்த பெட்டியை எங்க வச்சீங்க?”

“பையில்தான். மழையில் நனையாமல்.”

“ரெண்டையும் ஒண்ணாவா போட்டீங்க?”

எல்லாம் மொட்டைப் பெட்டி. எது யாருடையது என்று அந்தப் பெட்டிகளுக்கே தெரியாது. காற்று மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. எஸ்தர் மதகுக் கட்டையில் போய் உட்கார்ந்து, காலில் ஒட்டிய மண்ணைக் குச்சியால் வழிக்க ஆரம்பித்தார். அவர் இதுவரை சேர்த்து வைத்திருந்த மெழுகு முழுவதும் அந்தக் குச்சிகளில்தான் போயிருந்தது. மறுபடி அவ்வளவு சேர நாளாகும். முதலாளி அதுவரை பொறுப்பாரா என்பது தெரியாது. ஓர் உலைக்கும் பழைய இரும்புக்கும் நடுவில், காற்றாலைப் படம் எடுக்க வந்த ஓர் ஆள் ஒரே காலில் காலணியோடு நின்றுகொண்டிருந்தான்.

“தம்பி எந்த ஊருல படிச்சீங்க?” என்றார் அண்ணாச்சி.

“கிள்ளானில்.”

“அங்கன தீப்பெட்டி கெடையாதா?”

“எல்லோரும் லைட்டர்தான் வைத்திருப்பார்கள்” என்றேன். தீப்பெட்டி ஊரில் சொல்லக்கூடாத சொல் அது என்பது அவர் முகத்தைப் பார்த்த பிறகுதான் உறைத்தது. லைட்டர் வந்து வியாபாரத்தைத் தின்கிறது என்பதைக் காலையில் அவரே விரிவாகச் சொல்லியிருந்தார். நான் தலையாட்டியும் இருந்தேன்.

கயத்தாறு டீக்கடையில் போய் உட்கார்ந்தோம். டீ மாஸ்டர் கண்ணாடித் தம்ளர்களை வெந்நீரில் அலசி வைத்துக்கொண்டிருந்தார். எஸ்தர் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, “அண்ணாச்சி, உங்க மெழுகு இந்தச் சூட்டுக்கு உருகிரும். என்னுது உருகாது. அதுக்குச் சூடு இன்னும் வேணும்” என்றார். ஒரு பெட்டியிலிருந்து குச்சியை எடுத்து, மருந்துத் தலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, வெந்நீர்த் தம்ளரில் போட்டார். நீரின் மேல் மெல்லிய எண்ணெய்ப் படலம் விரிந்து மினுங்கியது. “இது உங்க பெட்டி.” இன்னொரு பெட்டி, இன்னொரு தம்ளர். நீர் தெளிவாகவே இருந்தது. “இது என்னுது.”

எனக்கு உயிர் வந்தது. “அப்படியானால் இப்போதே எல்லாவற்றையும் பிரித்துவிடலாம்” என்று பையை இழுத்தேன்.

அண்ணாச்சி பையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “நீங்க செஞ்ச வரைக்கும் போதும் தம்பி.” பிறகு எஸ்தரிடம், “கலந்தது கலந்ததாவே போகட்டும்மா. எது உன் பெட்டின்னு தெரிஞ்சா நான் அதையே குத்தம் பாப்பேன். நீ அதுக்கே வக்காலத்து வாங்குவ. யாராவது ஏசிட்டு வந்தா டீ மாஸ்டர் அந்தப் பெட்டியை மட்டும் வாங்கி வைக்கட்டும். நாளைக்கு வந்து வெந்நியில போட்டுப் பாப்போம்.”

“ஏசுத பெட்டியெல்லாம் என் பெட்டியா இருந்துட்டா?”

“அப்ப தெரிஞ்சு போகும்லா.”

டீ மாஸ்டர் தலையாட்டினார். அண்ணாச்சி எழுந்து, நின்றிருந்த லாரிகளை நோக்கிப் போனார். ஒவ்வொரு ஓட்டுநரிடமும் ஒரு பெட்டி. “வச்சுக்கோ.” “எதுக்கு அண்ணாச்சி?” “சும்மாதாம்லே.” அவ்வளவுதான் அந்த ஆய்வு.

அன்று இரவு போளிகள் என்னைப் பழிவாங்கின. விடுதி அறையில் தலைப்புகள் எதுவும் தோன்றவில்லை.

அடுத்த நாள் மதியத்துக்கு மேல் மறுபடி கயத்தாறு. நான் மாரிச்சாமியின் பழைய ரப்பர் செருப்பில். எஸ்தர் வழியெல்லாம் ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி வந்தார். ஒரே ஒரு தடவை, “கொட்டகைய காலி பண்ணினா அந்தக் கோபுரத்தை மட்டும் ஏதாவது காலேஜுக்குக் குடுத்திரலாம்” என்றார்.

டீ மாஸ்டர் மேசைக்கு அடியிலிருந்து இரண்டு பெட்டிகளை எடுத்து வைத்தார்.

“ரெண்டுதானா?” என்றார் அண்ணாச்சி.

“ரெண்டுதான். இது அந்தா நிக்காரு பாருங்க, செங்கல் லாரிக்காரரு, அவரு குடுத்தது.”

செங்கல் லாரிக்காரர் தானே வந்தார். கனமான மீசை, ஒரு பக்கம் மட்டும் கொஞ்சம் குறைவு. “அண்ணாச்சி பெட்டியா இது? ரெண்டு குச்சி ஒண்ணா ஒட்டிக்கிட்டு வருது. ஒண்ணை உரசினா ரெண்டும் பத்துது. மீசையைப் பாருங்க.”

“உனக்கு அது இல்லாமலே நல்லாத்தாம்லே இருக்கும்” என்றார் அண்ணாச்சி. ஆனால் கண் எஸ்தர் மேல்.

எஸ்தர் குச்சியின் தலையைக் கிள்ளினார். வெந்நீர். எல்லோரும் தம்ளரைச் சுற்றிக் குனிந்தோம், லாரிக்காரரும்தான். எதற்கென்று அவருக்குத் தெரியாது. நீரின் மேல் எண்ணெய்ப் படலம் மெதுவாக விரிந்தது.

அண்ணாச்சி நிமிர்ந்தார். சட்டைப்பையிலிருந்த பெட்டிகள் கலகலத்தன. “என் பெட்டியா?”

“உங்க பெட்டிதான் அண்ணாச்சி” என்றார் எஸ்தர். குரலில் சந்தோஷத்தைக் காட்டாமலிருக்கப் பாடுபட்டார். முழுக்க வெற்றி பெறவில்லை.

இரண்டாவது பெட்டி ஒரு டேங்கர் ஓட்டுநருடையது. ஆள் அதிகாலையிலேயே போய்விட்டார், டீ மாஸ்டரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்: “தலை நல்லாப் பத்துதாம். காத்துல கொண்டு வாரதுக்குள்ள பாதிக் குச்சியில செத்துப்போகுதாம்.” மறுபடி வெந்நீர். காத்திருந்தோம். நீர் தெளிவாகவே இருந்தது. சிறிது நேரம் கழித்தும் தெளிவாகவே இருந்தது.

“இது என்னுது” என்றார் எஸ்தர்.

டீ மாஸ்டர் அடுத்த தம்ளரைக் கொண்டு வந்து வைத்துவிட்டு, வேறு பெட்டி இல்லை என்று தெரிந்ததும் அதில் டீயை ஊற்றினார்.

“மற்ற பெட்டி வாங்கியவர்கள்?” என்று கேட்டேன். “நன்றாக இருக்கிறது என்று யாராவது சொன்னார்களா?”

டீ மாஸ்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “தீப்பெட்டியைப் பத்தி யாரு சார் நல்லாருக்குன்னு சொல்லுவா? பத்திச்சுன்னா பீடியைக் குடிச்சுட்டுப் போவான்.”

அண்ணாச்சி எஸ்தரிடம் திரும்பினார். “ஏன் பாதியில சாவுது?”

“மெழுகு குச்சிக்குள்ள எறங்கல. மேலாப்புல நின்னுருக்கு. உங்க தொட்டியில சூடு பத்தல. உங்க குச்சி ஒட்டுததுக்கும் அதுதான் காரணம். என் மெழுகுக்கு இன்னும் கூட்டணும், குச்சியையும் இன்னும் கொஞ்ச நேரம் உள்ள வைக்கணும். இல்லன்னா கொஞ்சம் எளகின மெழுகா வாரமாதிரி நானே உலையில சூட்டை மாத்திப் பாக்கணும்.”

“உனக்கு ஒரு ஏச்சு, எனக்கு ஒரு ஏச்சு” என்றார் அண்ணாச்சி. “எனக்கு நாப்பது வருசமா இதே ஏச்சுதான் வருது, குச்சி ஒட்டுதுன்னு. நீ ஒரே நாள்ல காரணத்தைச் சொல்லிட்ட.” பிறகு கைப்பேசியை எடுத்துத் தூரத்தில் வைத்துப் பெயரைத் தேடினார். ஆலை முதலாளியைக் கூப்பிட்டார். காற்றில் பேசுகிறவர்கள் எல்லோரையும்போல உரக்கப் பேசினார், ஆகவே கடை முழுவதும் கேட்டது.

“ஏ, நான்தான். அந்தக் கொட்டகையை இப்பம் கேக்காத. அவிய செய்யுத மெழுகை நான் எடுத்துக்கிடுதேன்... இல்ல, எல்லாத்துக்கும் இல்ல, கொஞ்சம் கொஞ்சமாத்தான். காத்து இருக்க வரைக்கும் ஓடட்டும். காத்து நின்னப்புறம் என்னன்னு பாப்போம்... ஆமா, சாட்சியா ஒரு பத்திரிகைக்காரரும் இருக்காவ. மலேசியாக்காரவ. நேத்து கரிசல்ல ஒத்தைச் செருப்பை விட்டுட்டு வந்துட்டாவ.”

எதிர்முனையில் சிரிப்புச் சத்தம் கேட்டது. எனக்கு அது வருத்தமில்லை. பேச்சு அந்தச் சிரிப்போடு முடிந்தது, கொட்டகையைக் காலி செய்யும் பேச்சு மறுபடி வரவில்லை.

எஸ்தர் ஆறிப்போன டீயை ஒரே மூச்சில் குடித்தார். தம்ளரை வைத்துவிட்டு, “தொட்டிக்கு இன்னொரு தெர்மாமீட்டர் வைக்கணும் அண்ணாச்சி. இப்ப இருக்கது பொய் சொல்லுது” என்றார்.

“ஏட்டி, மெழுகை எடுத்துக்கிடுதேன்னுதான் சொன்னேன். என் ஆபீஸையே மாத்துதேன்னு சொல்லல.”

“சூடு சரியா இருந்தா உங்க குச்சியும் ஒட்டாது.”

அண்ணாச்சி செங்கல் லாரிக்காரரின் மீசையைப் பார்த்தார். “சரி, வையி” என்றார்.

திரும்பும்போது எஸ்தர் என்னிடம் கேட்டார்: “என்ன எழுதப் போறீங்க சார்?”

யோசித்தேன். ஒரு பெரிய செய்தி என்று நினைத்து வந்தேன். நடந்தது இவ்வளவுதான்: ஒரு புது மெழுகு, பழைய மெழுகுக்கு எவ்வளவு குறையோ அவ்வளவு குறையோடு இருக்கிறது. மற்றபடி ஒருவரும் வித்தியாசத்தைக் கவனிக்கவில்லை. இதற்குத் தலைப்பு போடும் வித்தையை எந்த மேசையிலும் எனக்குச் சொல்லித் தரவில்லை. அப்படியே சொன்னேன்.

“கவனிக்காம இருக்கணும்னுதான் சார் இவ்வளவு பாடும்” என்றார்.

ஊருக்குத் திரும்பும் நாள் மாரிச்சாமி மதுரை விமான நிலையத்துக்குக் கொண்டுவந்து விட்டார். பெட்டியில் கடலை மிட்டாய், காராசேவு, கிள்ளானில் யாரும் நம்பாத அளவுக்குக் கரிசல் மண் ஒட்டிய ஒற்றைக் காலணி. சட்டைப்பையில் ஒரு தீப்பெட்டி. எஸ்தர் வெந்நீரில் ஒரு குச்சியைப் போட்டுப் பார்த்து, தன்னுடையதுதான் என்று உறுதி செய்து கொடுத்தது. வாசலில் அறிவிப்புப் பலகையைப் பார்த்த பிறகுதான், விமானத்தில் தீப்பெட்டி ஏற்றக்கூடாது என்பது நினைவுக்கு வந்தது. கட்டுரைக்கு இருந்த ஒரே சான்று அது.

மாரிச்சாமியிடம் நீட்டினேன். அவர் காதில் செருகியிருந்த பீடியை எடுத்தார். காருக்கு மறைவாகத் திரும்பி, குச்சியை உரசி, கையைக் குவித்துப் பற்றவைத்தார். காற்று அங்கேயும் இருந்தது. குச்சி கடைசி வரை எரிந்தது. உதறிக் கீழே போட்டார்.

“மேகமாத்தான் இருக்கு. ஆனா பெய்யாது” என்றார் வானத்தைப் பார்த்து.

“குச்சி எப்படி?” என்று கேட்டேன்.

“எந்தக் குச்சி?” என்றார்.

வரிசையில் நிற்கும்போது என் கேள்வியையும் மாரிச்சாமியின் அந்த இரண்டு சொல்லையும் அப்படியே எஸ்தருக்கு அனுப்பினேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை. விமானம் ஏறுவதற்குள் பதில் வந்திருந்தது: “ரொம்ப நன்றி சார். இதைவிட என்ன வேணும்.”